ஈராசிரியர் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு எதைச் சொல்லித் தருகிறோம்? – தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

தொடக்கப் பள்ளி ஆசிரியராவதற்கான இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் பாடத்திட்டத்தையும் தேர்வையும், மாணவர்கள் வகுப்பெடுத்துப் பழகும் பயிற்சிப் பள்ளிகளின் ஒதுக்கீட்டையும் முடிவு செய்யும் அலுவலர்களுக்கு,

2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், பி.எட். முடித்தவர்கள் தொடக்க வகுப்புகளுக்கு ஆசிரியராக முடியாது என்று தீர்ப்பளித்தது. பணியில் சேர்ந்தபின் ஆறு மாத இணைப்புப் பயிற்சி பெற்றால் போதும் என்று 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் திறந்துவைத்த வழி அதோடு அடைபட்டது. சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது தனித் திறமை, அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் தொடக்கக் கல்விப் பட்டயம் பெற்றவர்கள்தாம் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. பட்டயம் படித்தவர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டியதுதான்.

ஆனால் நீதிமன்றம் நம்பிய அந்தப் பயிற்சியை நாம் கொடுக்கிறோமா? பயிற்சி மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்தி, பயிற்சிப் பள்ளிகளில் அவர்கள் வகுப்பெடுப்பதைப் பார்த்துவரும் எங்களால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

உங்கள் பாடத்திட்டத்தின் மனத்தில் ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். வகுப்பில் முப்பது பிள்ளைகள், எல்லாரும் அந்த வகுப்புப் புத்தகத்தை வாசிப்பார்கள். ஒரு வகுப்பை நடத்தப் பயிற்சி மாணவி எழுதும் ஒவ்வொரு பாடத்திட்டமும் அந்தப் பள்ளிக்கானது. அவர் வேலைக்குப் போகும்போது பெரும்பாலும் கிடைப்பது ஈராசிரியர் பள்ளி. குழந்தைகளுக்கான இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இருபத்திரண்டு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் என்று ஒரு பள்ளி இருந்தால் அங்கே ஆள் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. சட்டத்தின் கணக்கே அதுதான். விதியாகிவிட்ட ஒன்றைப் பயிற்சி இன்னும் விதிவிலக்காகவே நடத்துகிறது.

அந்தப் பள்ளியில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தலைமையாசிரியர் 4, 5 வகுப்புகளை வைத்துக்கொள்வார், மற்றவர் 1, 2, 3. காலை உணவு, எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு, மதிய உணவுக் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழு. தலைமையாசிரியர் வட்டார வள மையத்துக்குக் கூட்டம் என்று கிளம்பிவிட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். போதாததற்கு, 2022-இல் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்யும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்காருகிறார்கள். பயிற்சி மாணவியின் குறிப்பேடோ ‘வகுப்பு: 3, பிரிவு: அ, மாணவர் எண்ணிக்கை: 30’ என்று தலைப்பிலேயே கேட்கிறது. இல்லாத பிரிவுக்கும் இல்லாத முப்பது பேருக்கும் அவர் பாடத்திட்டம் எழுதுகிறார்.

ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல வகுப்புகளுக்குச் சொல்லித் தரும் பல்வகுப்புக் கற்பித்தல் என்ற தலைப்பே பாடத்தில் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அதன் நன்மை, தீமை, ஆசிரியரின் பங்கு என்று தேர்வுக்குப் படிக்க ஏதோ இருக்கிறது. செய்து பார்க்கும் இடம்தான் இல்லை. அது செய்து பழகினால் மட்டுமே வரும் வேலை.

ஒரே ஒரு நாற்பது நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். 3-ஆம் வகுப்பும் 4-ஆம் வகுப்பும் ஒரே அறையில், இரண்டுக்கும் கணக்கு. முதல் ஐந்து நிமிடம் இரண்டு வகுப்புக்கும் சேர்த்து வாய்க்கணக்கு. அடுத்த பதினைந்து நிமிடம் 3-ஆம் வகுப்போடு உட்கார்ந்து குச்சிக் கட்டு வைத்துக் கடன் வாங்கிக் கழித்தல். அந்த நேரத்தில் 4-ஆம் வகுப்பு தானாகச் செய்ய ஒரு வேலை வேண்டும். பிறகு இடம் மாறி, 4-ஆம் வகுப்போடு பதினைந்து நிமிடம். கடைசி ஐந்து நிமிடம் இரண்டு பக்கமும் ஒரு சுற்று. காகிதத்தில் அழகாக இருக்கிறது. அறையில் இது உடையும் இடங்கள் உண்டு, ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் உடைகிறது.

முதலில் உடைவது ‘தானாகச் செய்யும் வேலை’. புதிய மாணவி அன்றைய புதுப் பாடத்திலிருந்து கணக்குக் கொடுப்பார். நிமிடத்துக்கு ஒரு பிள்ளை எழுந்து வந்து ‘டீச்சர், இது எப்படி?’ என்று நிற்கும், 3-ஆம் வகுப்புப் பாடம் அறுந்துபோகும். அதற்குப் பயந்து எளிதாகக் கொடுத்தால் நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு மீதிப் பதினொரு நிமிடம் சண்டை. நேற்றுப் பிள்ளைகள் சரியாகச் செய்த வகையிலேயே இன்று வேறு எண்களைக் கொடுக்க வேண்டும். விடை சரியா என்று அவர்களே பார்த்துக்கொள்ள ஒரு வழியும் வேண்டும், கழித்ததைக் கூட்டிப் பார்ப்பது போல. முடித்தவர்களுக்கு அதற்கடுத்த வேலை கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது கரும்பலகை. மணி அடித்தபின் 4-ஆம் வகுப்புக்கான கணக்கை எழுதத் தொடங்கினால் நான்கைந்து நிமிடம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குள் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும். காலையில் பிள்ளைகள் வருமுன் பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து எழுதி வைத்திருக்க வேண்டும். இரண்டு வகுப்பையும் ஒரே திசை பார்த்து உட்காரவைக்கக் கூடாது. பக்கத்து வகுப்பில் நடக்கும் பாடம் எப்போதும் தன் வேலையைவிடச் சுவாரசியமாகத்தான் இருக்கும். முதுகோடு முதுகாக, எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து. இரண்டாவது பலகை இல்லாவிட்டால் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம்.

இந்த இரண்டு பத்தியில் சொன்னது எதுவும் ஆராய்ச்சி இல்லை. ஈராசிரியர் பள்ளியில் மூன்று ஆண்டு வேலை பார்த்த எவருக்கும் தெரியும். படித்து முடித்தவர் இதை மூன்று ஆண்டில் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்கிறார். அந்த மூன்று ஆண்டில் அவரிடம் படித்த பிள்ளைகள் போனது போனதுதான்.

அடுத்து, வாசிப்பு. தொடக்கப் பள்ளி ஆசிரியர் செய்யும் வேலைகளில் வேறு யாரும் செய்யாத ஒரு வேலை உண்டென்றால் அது எழுத்தறியாத பிள்ளையை வாசிக்கவைப்பது. இரண்டு ஆண்டு படித்து முடிக்கும் மாணவி, ஒரே ஒரு பிள்ளையையாவது எழுத்தே தெரியாத நிலையிலிருந்து தானாக ஒரு வாக்கியம் வாசிக்கும் நிலைவரை கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்தப் படிப்பில் எங்கும் இல்லை. பிரசவமே பார்க்காமல் செவிலியர் சான்றிதழ் வாங்குவது போன்றது இது.

வாசிக்கத் தெரியாத பிள்ளை என்று குறிப்பேட்டில் ஒற்றைச் சொல்லில் எழுதிவிடுகிறார்கள். அதற்குள் பல பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுத்து வடிவமே தெரியாத பிள்ளை ஒன்று. எழுத்து தெரியும், ப-ட-ம் என்று தனித்தனியாகச் சொல்லும், சேர்த்துப் படம் என்று சொல்ல வராது, அது வேறொன்று. மூன்றாவது வகைதான் எல்லாரையும் ஏமாற்றும். பாடத்தை முதல் வரியிலிருந்து கடகடவென்று சொல்லும் பிள்ளை. கடைசி வரியின் நடுச் சொல்லில் விரலை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், உதடு அசைந்து மெதுவாக முதல் வரியிலிருந்து தொடங்கும். அத்தனையும் மனப்பாடம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசும் பிள்ளைக்கு எழுத்து கூடிவிடும், சொல்லுக்குப் பொருள்தான் இருக்காது. கிருஷ்ணகிரியிலும் திருப்பூரிலும் இது அன்றாடம். இவற்றோடு, கரும்பலகையே சரியாகத் தெரியாத பிள்ளையும் உண்டு. முன்வரிசைக்கு மாற்றிப் பார்த்தால் இரண்டு நாளில் தெரிந்துவிடும். இந்த ஐவருக்கும் ஐந்து வேறு வேலைகள். பயிற்சி மாணவிகள் ஐவருக்கும் கொடுப்பது ஒன்றே: ‘மீண்டும் பத்துத் தடவை எழுது.’

இன்னும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ‘கொக்கு’ என்ற சொல்லை ஒரு பிள்ளை ‘கெரக்கு’ என்று வாசிக்கிறது. கவனமில்லை என்று குறித்துக்கொள்கிறார் மாணவி. உண்மையில் அந்தப் பிள்ளை மிகக் கவனமாக, இடமிருந்து வலமாக, கண்ணில் பட்டதை எல்லாம் வாசித்திருக்கிறது. முதலில் கொம்பும் க-வும் சேர்ந்து கெ. பிறகு நிற்கும் துணைக்கால், கீழே ஒரு சாய்கோடு போட்டால் ர. பலர் கையெழுத்தில் அந்தச் சாய்கோடே இருப்பதில்லை. ஆகவே கெ, ர, க், கு. தமிழில் ஒலிக்கும் வரிசை வேறு, கண்ணில் படும் வரிசை வேறு என்பதை யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. கௌதாரியைக் ‘கெளதாரி’ என்று வாசிப்பதும் இதே கதைதான். அதைப் பெரியவர்களே தட்டச்சில் அப்படித்தான் அடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பத்துத் தடவை எழுதவைத்தால் பத்துத் தடவையும் கெரக்கு என்று நினைத்துக்கொண்டே எழுதும். அதற்குப் பதில்: முதலில் கர, கா இரண்டையும் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் கால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எதில் தனி எழுத்தாக நிற்கிறது என்று பிரிக்கவைக்க வேண்டும். அது உறுதியானபின் கெடு–கொடு, செல்–சொல், மெட்டு–மொட்டு என்று இணைச் சொற்கள். கொம்பையும் காலையும் இரண்டு துண்டு அட்டையால் மறைத்து, க-வை மட்டும் காட்டி, கொம்பைத் திறந்து கெ, காலையும் திறந்து கொ. நான்கைந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது போதும். கு, சு, து, பு, மு போன்றவற்றில் உகரக் குறி ஒரே வடிவில் இல்லை என்பதும் இப்படித் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று.

பேச்சுக்கும் வாசிப்புக்கும் உள்ள குழப்பத்தையும் சொல்ல வேண்டும். ‘பழம்’ என்று எழுதியிருப்பதைப் பிள்ளை ‘பளம்’ என்று வாசித்தால் அது வாசிப்புப் பிழை அல்ல. அந்த ஊரில் அதன் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள், எழுத்தைப் பார்த்துச் சரியான சொல்லுக்குத்தான் போயிருக்கிறது. எழுதும்போது ‘பளம்’ என்று எழுதினால்தான் கவனிக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாத மாணவி, வாசிக்கும் பிள்ளையைப் பாதியில் நிறுத்தி நிறுத்தித் திருத்தி வாயடைத்துவிடுகிறார்.

கணக்கிலும் நிலை இதுவே. 52-இல் 27 போக 35 என்று எழுதும் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது என்று சொல்லக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது, ஏழிலிருந்து இரண்டு, ஐந்திலிருந்து இரண்டு. நூற்று ஐந்தை 1005 என்று எழுதும் பிள்ளை காதில் கேட்டதை எழுதுகிறது: நூறு, ஐந்து. தொண்ணூறு என்ற சொல்லின் வாலில் நூறு ஒலிப்பதால் வரும் குழப்பம் ஆங்கிலத்தில் இல்லாதது, ஆங்கிலத்திலிருந்து எடுத்த உளவியல் புத்தகத்தில் கிடைக்காது. பிழையைப் பார்த்துப் பிள்ளை எப்படி யோசித்தது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி. அதற்கு நம் படிப்பில் மதிப்பெண் இல்லை.

எதற்கு மதிப்பெண்? குறிப்பேடுகளுக்கு. பாடத்திட்டக் குறிப்பேடு, உற்றுநோக்கல் பதிவேடு, தனியாள் ஆய்வு, செயல் ஆராய்ச்சி, துணைக்கருவிப் பட்டியல், படத்தொகுப்பு. போன ஆண்டு அக்காவின் நோட்டு இந்த ஆண்டு தங்கைக்கு வருகிறது. தேதியும் பள்ளியின் பெயரும் மட்டும் மாறும். எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தனியாள் ஆய்வில் தந்தையின் தொழில், பிள்ளையின் பழக்கம், முடிவில் ‘அன்பும் அரவணைப்பும் தேவை’. எந்தப் பிள்ளைக்குத்தான் தேவையில்லை? செயல் ஆராய்ச்சியில் எல்லா அறிக்கையிலும் முன்தேர்வு மதிப்பெண் தாழ்ந்தும் பத்து நாளில் பின்தேர்வு உயர்ந்தும் இருக்கும். ‘நான் செய்தது பலிக்கவில்லை, காரணம் இதுவாக இருக்கலாம்’ என்று எழுதும் மாணவிக்கு மதிப்பெண் குறையும் என்ற பயம் இருக்கும்வரை அது மாறாது. அப்படி எழுதிய ஓர் அறிக்கை, வெற்றி பெற்ற ஐம்பது அறிக்கைகளைவிட எங்களுக்குப் பெரிது.

தெர்மாகோலில் செய்த எரிமலை ஒரு நாள் கண்காட்சிக்கு வந்து, மூலையில் ஓர் ஆண்டு தூசி படிந்து, குப்பைக்குப் போகிறது. நூறு புளியங்கொட்டை, பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சி, அட்டைப் பெட்டியில் வெட்டிய எழுத்துகள் வேலைக்குப் போகும் வரை கூடவே வரும். எதற்கு எத்தனை மதிப்பெண் போடச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதை ஒருமுறை பாருங்கள்.

சிறு குழுவுக்குச் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலை நாங்கள் குறை சொல்லவில்லை. கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6, ஆக 36 நிமிடச் சுற்று, நல்ல ஏற்பாடுதான். ஆனால் எதிரே பிள்ளைகளாக உட்காருவது சக மாணவிகள். ‘பூனைக்கு எத்தனை கால்?’ என்று கேட்டால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பத்துப் பேர் ஒரே குரலில் ‘நான்கு’ என்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை ‘எங்க வீட்டுப் பூனைக்கு மூணு கால்தான் டீச்சர், லாரி ஏறிடுச்சு’ என்று சொன்னால் என்ன செய்வது என்பதற்கு அங்கே பயிற்சி கிடையாது.

பயிற்சிக் காலத்துக்கு வருவோம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள்படி பள்ளியில் இருக்க வேண்டிய காலம் மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். அதற்கு 90 சதவீத வருகையும் கட்டாயம். காலம் குறைவு என்று எங்களால் சொல்ல முடியாது. அந்தக் காலம் எங்கே செலவாகிறது என்பதே பிரச்சினை. பள்ளிகளை நிறுவனத்துக்குப் பக்கத்தில், பேருந்து வசதிக்காகத் தேர்ந்தெடுக்கிறோம். ஊர்ப்புறத்துக்குக் காலை ஏழு மணிக்கு ஒரு பேருந்து, அடுத்தது பத்துக்கு என்றால் யாரையும் அங்கே அனுப்புவதில்லை. விளைவு, நகரத்துப் பெரிய பள்ளி ஒன்றில் ஏழெட்டுப் பேர். அங்கே வகுப்புக்கு ஓர் ஆசிரியர். ஈராசிரியர் பள்ளியை அவர்கள் கண்ணாலும் பார்ப்பதில்லை. அந்தப் பெரிய பள்ளியிலும் விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள, எமிஸில் பதிவேற்ற, விழாவுக்குப் பிள்ளைகளை ஆடவைக்க என்று வேலை. பள்ளியைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. கையில் ஓர் இளம் ஆள் கிடைத்தால் எந்தத் தலைமையாசிரியரும் அதைத்தான் செய்வார். ‘இவர் இந்த நேரத்தில் இந்தப் பிள்ளைகளோடு இருக்க வேண்டும்’ என்று எழுத்தில் நாம் எதுவும் கொடுத்து அனுப்புவதில்லையே.

பார்வையிடல் இன்னும் மோசம். விரிவுரையாளர் பத்து நிமிடம் பின்வரிசையில் உட்கார்ந்து, குறிப்பேட்டில் ‘நன்று, குரல் ஏற்ற இறக்கம் தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதைவிட நன்றாகச் செய்ய இடமிருக்கிறது. ஒருவர் பொறுப்பில் 10 மாணவிகள், ஆளுக்கு 6 முழு வகுப்புகள் பார்க்க வேண்டுமென்றால் 60 வகுப்பு. நாளுக்கு இரண்டு என்றால் 30 நாள். 16 வாரத்தில் 80 வேலைநாள் வருகிறது. விடுமுறையும் தேர்வும் போனாலும் முடியும், நிறுவனத்தில் மற்றப் பணிகளை அந்தக் காலத்தில் அவர் தலையில் ஏற்றாமல் இருந்தால். போக்குவரத்துப் படி கொடுத்தால்.

பட்டயம் முடித்தவர்கள் எழுத வேண்டிய ஆசிரியர் தகுதித் தேர்வைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடத்த வேண்டும் என்பது வழிகாட்டுதல். தமிழ்நாட்டில் 2013-க்குப் பிறகு 2017, 2019, 2022, 2025 என்று வந்திருக்கிறது. அதில் தேறினாலும் 2018-இன் அரசாணை 149-இன்படி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு. ஆகவே பட்டயம் முடித்தவர் ஆண்டுக்கணக்கில் 150 வினா கொண்ட புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார், ஒரு பிள்ளையோடும் இல்லை. பயிற்சியில் கிடைத்த கொஞ்சமும் துருப்பிடித்துப் போகிறது. அது உங்கள் கையில் முழுவதும் இல்லை என்பது தெரியும். ஆனால் படிப்பின் இறுதித் தேர்வு உங்கள் கையில் இருக்கிறது. ‘நுண்ணிலைக் கற்பித்தலின் படிகளை விவரி’ என்று கேட்கும் இடத்தில், ஒரு பிள்ளை எழுதிய பிழையை அச்சிட்டு, ‘இந்தப் பிள்ளை எப்படி யோசித்தது? நாளை காலை முதல் பத்து நிமிடம் என்ன செய்வீர்?’ என்று கேட்கத் தடை எதுவும் இல்லை. அப்படி இரண்டு ஆண்டு தொடர்ந்து கேட்டால் மூன்றாம் ஆண்டு விரிவுரையாளர்கள் பாடம் நடத்தும் விதமே மாறிவிடும்.

பட்டயத்தை நான்காண்டுப் பட்டமாக்குவது பற்றியும் பேச்சு நடக்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை 2030-க்குள் ஒருங்கிணைந்த நான்காண்டு பி.எட்.-ஐக் குறைந்தபட்சத் தகுதியாக்கச் சொல்கிறது. அதன் அரசியலுக்குள் இங்கே போகவில்லை. இரண்டு ஆண்டில் ஒரு பிள்ளையை வாசிக்கவைக்காமல் வெளியே வர முடிகிறதென்றால் நான்கு ஆண்டிலும் அப்படியே வெளியே வரலாம். கூடுதலாக இரண்டு ஆண்டுக் குறிப்பேடு சேரும், அவ்வளவே.

எனவே, அடுத்த கல்வியாண்டின் பயிற்சிப் பள்ளி ஒதுக்கீடு தொடங்கும் முன் கீழ்க்கண்டவற்றைச் செய்ய வேண்டும் என்று கேட்கிறோம்.

இரண்டாம் ஆண்டுப் பள்ளிப் பயிற்சியில் குறைந்தது எட்டு வாரத்தை ஒவ்வொரு மாணவருக்கும் ஈராசிரியர் பள்ளியில் ஒதுக்குங்கள். இரண்டு பேர் சேர்ந்து போகட்டும், துணையும் ஆயிற்று, ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கவும் ஆயிற்று. நேரடிப் பேருந்து இல்லாத ஊருக்குப் போகிறவர்களுக்குப் பயணப் படி கொடுங்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரணப் பேருந்து இருக்கிறது என்ற பதிலை முன்கூட்டியே மறுத்துவிடுகிறோம். அந்தப் பேருந்து பத்து மணிக்குத்தான் வருகிறது, பள்ளி அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஒவ்வொரு மாணவரிடமும் வாசிக்கத் தெரியாத மூன்று பிள்ளைகளை 16 வாரத்துக்கு ஒப்படைக்க உத்தரவிடுங்கள். தினம் இருபது நிமிடம், அதே மூன்று பேர், அதே நேரம். அறுபது நாள் கிடைத்தாலும் இருபது மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் மாணவரை வேறு பணிக்கு அழைக்கக் கூடாது என்று பள்ளிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிள்ளைக்கு நாளொன்றுக்கு நான்கு வரி போதும்: என்ன காட்டினேன், பிள்ளை சொன்னது அப்படியே, ஏன் அப்படிச் சொல்லியிருக்கும், நாளைக்கு என்ன. தனியாள் ஆய்வு, செயல் ஆராய்ச்சி இரண்டுக்கும் பதிலாக இந்த நோட்டையே ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளை வாசிக்கவில்லை என்பதற்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் முதல் ஆண்டே எல்லாப் பிள்ளையும் தாளில் வாசித்துவிடும்.

பாடத்திட்டக் குறிப்பேட்டின் படிவத்தை மாற்றுங்கள். எழுத வேண்டிய பாடத்திட்டங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, அந்தப் பாதியில் பாதி இரண்டு வகுப்புக்கான திட்டமாக இருக்கட்டும். ‘நான் மற்ற வகுப்போடு இருக்கும்போது இந்த வகுப்பு என்ன செய்யும், சரியா என்று எப்படித் தெரிந்துகொள்ளும்’ என்று ஒரு கட்டம். ‘நடந்தது என்ன’ என்று இன்னொரு கட்டம், வகுப்பு முடிந்தபின் நிரப்ப.

பார்வையிடும் விரிவுரையாளர் முழு வகுப்பையும் பார்த்து, முடிந்ததும் பத்து நிமிடமாவது மாணவரோடு பேச வேண்டும் என்றும், ஒருவருக்குப் பத்து மாணவருக்கு மேல் கூடாது என்றும், ஆளுக்கு ஆறு முறை என்றும் விதியாக்குங்கள். அந்த 16 வாரம் அவருக்கு வேறு பணி ஒதுக்காதீர்கள்.

இறுதித் தேர்வில் தமிழ், கணிதத் தாள்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணுக்குப் பிள்ளைகளின் எழுத்து, வாசிப்பு, கணக்குப் பிழைகளை வைத்து வினா கேளுங்கள். மாதிரி வினாத்தாளை ஓராண்டு முன்பே வெளியிடுங்கள். வினாவுக்கு வேண்டிய பிழைகளைத் தொகுத்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். பல ஆண்டு நோட்டுகளிலிருந்து சேர்த்தது, பிள்ளைகளின் பெயர் நீக்கி, கையில் இருக்கிறது.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க முடியாது, ஏன் என்று எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம். ஒதுக்கீட்டுப் பட்டியல் தயாராகுமுன் அந்தப் பதில் கிடைத்தால் வரும் ஆண்டு மாணவர்களுக்காவது பயன்படும்.

இப்படிக்கு,
பயிற்சி மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்தும் ஆசிரியர் கல்வியாளர்கள் சிலர்